88 வோல்ட் என்று எழுதிய டப்பாவுக்குள் ஐந்து செல்

கிண்ணியாவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அலுமினியம் பார்ட்டிஷன், சீலிங், கர்ட்டன் றெயில் என்று வேலை செய்கிறாராம், இதுவரை வயர் டிரில்தான், இனிப் பற்றரி டிரில் ஒன்று எடுக்கலாம் என்று யோசிக்கிறார். கடையில் "88 வோல்ட்" என்று ஒன்றை மலிவாகக் காட்டியிருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மாமா வரும்போது நல்ல பிராண்டாக ஒன்று கொண்டுவருகிறேன் என்கிறார். மச்சானிடம் பழைய நிக்கல் கட்மியம் டிரில் ஒன்று சும்மா கிடக்கிறது. இதில் எதை எடுப்பது, பற்றரிகளில் என்ன வித்தியாசம், எத்தனை அம்பியர் வேண்டும் என்பதுதான் கேள்வி.

நான் திருகோணமலை டவுனில் டூல்ஸ் திருத்துகிறவன். விற்கிறவன் இல்லை, ஆகவே எந்தப் பிராண்டுக்கும் வக்காலத்து வாங்க எனக்குத் தேவை கிடையாது. ஆனால் யார் எங்கே எதை வாங்கினாலும் கடைசியில் அது என் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது, அந்த வகையில் நாலு விஷயம் தெரியும்.

முதலில் அந்த 88 வோல்ட். போன மாதம் அப்படி ஒன்று வந்தது, பொத்தானை அழுத்தினால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது என்றார் கொண்டுவந்தவர். பற்றரியின் நாலு ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் திறந்தால் உள்ளே ஐந்து செல், சுருட்டுப் போல வரிசையாக. மீட்டரை வைத்துப் பார்த்தேன். நாலு செல்லில் 4.1 வோல்ட், ஐந்தாவதில் 2 வோல்ட்டுக்கும் கீழே. அது செத்துப்போனதுதான் கோளாறு. ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஐந்தும் முழுச் சுகத்தோடு முழுச் சார்ஜில் இருந்தாலும் ஐந்து நாலு இருபது, மிஞ்சினால் 21 வோல்ட். லிதியம் அயன் செல் ஒன்று வழக்கமாக 3.6 வோல்ட் என்று கணக்கிடப்படும், முழுச் சார்ஜில் 4.2. ஐந்து செல்லை வைத்துக்கொண்டு 88 எடுக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. பெட்டியில் 48, 88, 128, 198 என்று என்ன எண் போட்டிருந்தாலும் அந்த அளவு டப்பாவுக்குள் இருப்பது பெரும்பாலும் இதேதான். எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எழுத்தையும் ஒட்டியிருப்பார்கள், கேட்டால் அது வோல்ட் இல்லை, மாடல் பெயர் என்று சொல்லித் தப்பிக்கலாம் அல்லவா.

சரி, அப்படியானால் நல்ல கம்பனிகளே ஒருவர் 18 என்றும் இன்னொருவர் 20 என்றும் போடுகிறார்களே? இரண்டும் ஒன்றுதான். அதே ஐந்து செல். 3.6 ஆல் பெருக்கினால் 18, முழுச் சார்ஜில் பாரம் எதுவும் கொடுக்காமல் பார்த்தால் 20, 21. டிவால்ட் அமெரிக்காவிலும் கனடாவிலும் "20 வோல்ட் மாக்ஸ்" என்று விற்பதையே ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்கிறது, பற்றரியை மாற்றி மாற்றிப் போடலாம். 12 வோல்ட் மாக்ஸ் என்பதும் அப்படித்தான், மூன்று செல், உண்மையில் 10.8. ஆகவே 18க்கும் 20க்கும் நடுவில் நின்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உண்மையில் பார்க்க வேண்டியது வாட்-மணி. வோல்ட்டை அம்பியர்-மணியால் (பற்றரியில் Ah என்று போட்டிருப்பது) பெருக்குங்கள், அவ்வளவுதான். 18 வோல்ட் 2 அம்பியர்-மணி என்றால் 36. 5 அம்பியர்-மணி என்றால் 90. டப்பாவுக்குள் எவ்வளவு சாப்பாடு கட்டிவைத்திருக்கிறது என்பதை இந்த எண்தான் சொல்லும். இப்போது ஒரு கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். இரும்பை வெட்டும்போது சாதாரணமாக 700 வாட் இழுக்கிறது என்று வைத்தால் 36 வாட்-மணி பற்றரி மூன்று நிமிடம். 90 வாட்-மணி ஏழரை நிமிடம், அதுவும் சூட்டில் போகிற நட்டத்தைக் கழிக்காமல். டிரில் அப்படி இல்லை, ஒரு துளைக்கு ஐந்து பத்து செக்கன் இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும், ஸ்குரூ முடுக்குவது அதைவிடக் குறைவு. அதனால்தான் கேட்கிறவர்களிடம் நான் சொல்வது, டிரில்லும் ஸ்குரூ முடுக்குகிற இம்பாக்ட் டிரைவரும் பற்றரியில் எடுங்கள், கிரைண்டரை இப்போதைக்கு வயரிலேயே விடுங்கள் என்று. கூரையில் ஏறி ஒரு தகரத்தை வெட்டவேண்டும், நாளுக்கு நாலு வெட்டுத்தான் என்றால் அது வேறு கதை.

அம்பியர்-மணி கூடினால் நேரம் மட்டும் கூடுவதில்லை, பலமும் கூடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. 2 அம்பியர்-மணி பற்றரியில் ஐந்து செல் ஒரே வரிசை. 4, 5 அம்பியர்-மணியில் பெரும்பாலும் பத்து செல், இரண்டு இரண்டாகச் சோடி சேர்ந்த ஐந்து. பாரம் ஏறும்போது அந்த மின்னோட்டத்தை இரண்டு செல் பங்குபோட்டுக்கொள்கிறது, சூடு குறைவு, வோல்ட் விழுவதும் குறைவு. அதே டிரில்லில் சின்னப் பற்றரி போட்டுப் பாலை மரத்தில் 20 மில்லிமீற்றர் துளை போட்டுப் பாருங்கள், முனகிக்கொண்டு நிற்கும். பெரியதைப் போட்டால் போய்விடும். பாலை மரம் தெரியும்தானே, ஆணி வளையும், மரம் வளையாது. ஆனால் பத்து செல் என்பது பாரம், சீலிங் வேலையில் நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த முந்நூறு கிராம் பின்னேரம் தோளில் தெரியும். உங்கள் வேலைக்குச் சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வது வசதி.

இதிலேயே பொய் பிடிக்கிற வழியும் இருக்கிறது. இந்தப் பற்றரிகளில் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற செல், 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். உலகத்தில் எந்தக் கம்பனி செய்தாலும் அந்த அளவில் ஒரு செல் கிட்டத்தட்ட 3.5 அம்பியர்-மணியைத் தாண்டுவதில்லை, டூல்ஸுக்குப் போடுகிறவை 1.5 முதல் 3 வரைதான். ஒரு செல்லின் நிறை 45 முதல் 48 கிராம். இப்போது ஒரு பற்றரியில் 6 அம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் உள்ளே பத்து செல் இருந்தாக வேண்டும், செல் மட்டும் அரைக் கிலோவுக்குக் கிட்ட, டப்பாவோடு அறுநூறு கிராமைத் தாண்டும். கடைக்காரரிடம் தராசு இல்லாவிட்டால் பக்கத்து மீன்கடையில் வைத்து நிறுத்துப் பாருங்கள், சிரிப்பார்கள், பரவாயில்லை. முந்நூற்றைம்பது, நானூறு கிராம் காட்டினால் உள்ளே ஐந்துதான் இருக்கிறது, எழுதியது பொய். கொஞ்சம் தடித்த 21700 என்று இன்னொரு செல்லும் இப்போது வருகிறது, ஒன்று 70 கிராம் அளவு, 4 அம்பியர்-மணி கொள்ளும். அதில் ஐந்து போட்ட 4 அம்பியர்-மணிப் பற்றரி உண்மையாகவே உண்டு, ஆனால் அதைப் போடுகிறவர்கள் தெரிந்த கம்பனிக்காரர்கள்.

மச்சானின் நிக்கல் கட்மியம் டிரில்லுக்கு வருவோம். 1961 இல் பிளாக் அன்ட் டெக்கர் முதல் கம்பியில்லா டிரில்லை விட்டபோது அதில் இருந்தது இந்த வகைதான், நாற்பது வருசத்துக்கு மேல் இதுதான் ராசா. முரடு, நல்ல அடி தாங்கும், இதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு செல் 1.2 வோல்ட்தான், 18 வோல்ட் எடுக்கப் பதினைந்து செல் வேண்டும், கல்லைத் தூக்குவது போல இருக்கும். சும்மா வைத்தாலும் மாதக்கணக்கில் தானாக இறங்கிவிடும். பாதியில் பாதியில் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பாதியையே முழுசு என்று எண்ணிக்கொள்ளும் குணமும் உண்டு. கட்மியம் நஞ்சு, ஐரோப்பிய ஒன்றியம் 2016 முடிவோடு டூல்ஸில் இதைத் தடை செய்துவிட்டது. நடுவில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் என்று ஒன்று வந்தது, கட்மியம் இல்லை, கொள்ளளவு கூட, ஆனால் சூட்டைத் தாங்காது, நம் ஊர் வெயிலில் நீடித்து ஓடியதை நான் அதிகம் கண்டதில்லை. 2005 இல் மில்வாக்கி 28 வோல்ட் லிதியத்தையும் மகிட்டா 18 வோல்ட் லிதியத்தையும் கொண்டுவந்த பிறகு மற்றது எல்லாம் பழங்கதையாகிவிட்டது. மச்சானின் டிரில் ஓடினால் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் காசு கொடுத்து அதற்குப் புதுப் பற்றரி தேட வேண்டாம். செத்த பற்றரியைக் குப்பையோடு கடற்கரையில் வீசவும் வேண்டாம்.

அந்தப் பழைய காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் போகவில்லை. பற்றரியை முழுக்க இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று மேசன்மார் இன்றும் சொல்கிறார்கள். லிதியத்துக்கு இது தலைகீழ். பலம் குறைகிறது என்று கையில் தெரிந்ததும் கழற்றிச் சார்ஜில் போடுங்கள். அடியோடு இறங்கின பற்றரியை அப்படியே பெட்டியில் போட்டு மாரி முடியும்வரை வைத்துவிட்டு, தை மாதம் எடுத்துச் சார்ஜரில் செருகினால் சிவப்பு லைட் மினுக்கும், ஏற்காது. செல்லின் வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால் சார்ஜர் அதைத் தொடாது, தொடாமல் விடுவதும் நல்லதுதான். கன நாள் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில். ஓட்டோவின் டாஷ்போர்டிலும் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள்ளும் வைத்துவிட்டு நிலாவெளி வெயிலில் வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வேலை முடித்துக் கையில் சுடுகிற பற்றரியை அப்படியே சார்ஜரில் போட வேண்டாம், ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரம் ஆறவிடுங்கள். நல்ல சார்ஜர் என்றால் தானே காத்திருக்கும், சிலதில் ஊதி ஆற்றுகிற விசிறியும் இருக்கும். மலிவுச் சார்ஜருக்கு அந்த அறிவு கிடையாது.

கடல் உப்பைப் பற்றிச் சொல்லாமல் திருகோணமலையில் டூல்ஸ் பற்றி எழுத முடியாது. ஒருவர் ஃபைபர் படகு திருத்துகிறவர், நல்ல பிராண்ட் டிரில், வாங்கி ஒரு வருசம்கூட இல்லை, ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. பற்றரியைக் கழற்றித் தகடுகளைப் பார்த்தால் செப்புக் குடத்தில் களிம்பு ஏறினது போலப் பச்சை. டிரில் பக்கத்துத் தகடும் அப்படியே. இரவில் படகுக்குள்ளேயே பற்றரியைப் பூட்டியபடி விட்டுவிட்டுப் போவாராம். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்டுத் துடைத்து எடுத்ததும் சரியாகிவிட்டது, பழுது எதுவும் இல்லை. கடற்கரைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் வேலை முடிந்ததும் பற்றரியைக் கழற்றி, இரண்டையும் காய்ந்த துணியால் துடைத்து, மூடியுள்ள பெட்டியில் வைத்தால் இந்தத் தொல்லை பாதி இல்லை. ஆனால் பற்றரியே கடல் தண்ணீருக்குள் விழுந்துவிட்டால் கதை வேறு. வெயிலில் காயவைத்துச் சார்ஜ் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். உப்புத் தண்ணீர் உள்ளே இருக்கிற தகடுகளுக்கு நடுவில் பாலம் போட்டுவிடும், உடனே ஒன்றும் ஆகாது, நாளைக்கோ அடுத்த கிழமையோ வீட்டுக்குள் தீப்பிடிக்கும். வெளியே, எரியக்கூடிய எதுவும் கிட்ட இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள், பிறகு உள்ளூராட்சி சபையில் மின்கழிவு எடுக்கிற இடத்தைக் கேளுங்கள்.

பிரஷ்லெஸ் மோட்டாரா, கார்பன் பிரஷ் மோட்டாரா என்று எல்லோரும் கேட்பார்கள். தினமும் வேலைக்குப் பாவிப்பதென்றால் பிரஷ்லெஸ். உரசுகிற கார்பன் இல்லை, சூடு குறைவு, ஒரே பற்றரியில் கூடுதல் துளை. வீட்டில் வருசத்துக்கு இரண்டு தரம் படம் மாட்டுகிறவருக்கு அது வீண்செலவு. திருத்துகிறவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும், கார்பன் தேய்ந்தால் சின்னக் காசில் பத்து நிமிடத்தில் மாற்றித் தருவேன், பிரஷ்லெஸில் உள்ளே இருக்கிற போர்ட் போய்விட்டால் புது டிரில்லின் அரைவாசி விலை ஆகிவிடும். அப்படியிருந்தும் உங்களுக்குப் பிரஷ்லெஸ்தான் சொல்வேன்.

கொங்கிறீட் சிலாப்பில் சீலிங் தொங்கவிடத் துளை போடுகிறீர்கள் அல்லவா, அதற்கு ஹாமர் டிரில்லை நம்ப வேண்டாம். அதில் இரண்டு பல்லுத் தட்டு ஒன்றோடொன்று உரசித் துள்ளுவதுதான் அடி, செங்கல்லுக்கும் புளொக் கல்லுக்கும் போதும். சிலாப்பில் கம்பியும் கருங்கல்லும் வரும், தோளைக் கொடுத்துத் தள்ளித் தள்ளி நீங்களும் களைத்து, பற்றரியும் களைத்துவிடும். எஸ்டிஎஸ் பிட் போடுகிற ரோட்டரி ஹாமரில் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி அடிக்கிறது, நீங்கள் தள்ளத் தேவையில்லை, பிடித்துக்கொண்டிருந்தால் போதும். வயரில் ஒன்று இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவதாக வாங்க வேண்டியது அதுதான், அதே பற்றரிக் குடும்பத்தில், பற்றரி இல்லாமல் உடம்பு மட்டும்.

இந்தக் குடும்ப விஷயம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம், கேள்வியில் இதை நீங்கள் கேட்கவே இல்லை. நீங்கள் டிரில் வாங்கவில்லை தம்பி, ஒரு பற்றரிக் குடும்பத்துக்குள் சம்பந்தம் செய்கிறீர்கள். டிரில் பழுதானால் இன்னொன்று வாங்கலாம், ஆனால் நாலு பற்றரியும் இரண்டு சார்ஜரும் சேர்ந்த பிறகு பிராண்ட் மாற முடியாது. ஒரே கம்பனிக்குள்ளேயே சில ஒன்றுக்கொன்று பொருந்தாது. பொஷ் நீல நிறத் தொழில் வரிசை 18 வோல்ட்டும் பச்சை நிற வீட்டு வரிசை 18 வோல்ட்டும் வேறு வேறு பற்றரி. மகிட்டாவின் மலிவான ஜி வரிசை 18 வோல்ட் பற்றரி, எல்எக்ஸ்டி என்ற அவர்களுடைய முக்கிய 18 வோல்ட் வரிசை டூல்ஸுக்குள் போகாது. 40 வோல்ட் வரிசை முற்றிலும் வேறு. ஆகவே கடையில் டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன்பு இதே பற்றரி தனியாக இங்கே கிடைக்குமா, சார்ஜர் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டு மூன்று ஹாட்வெயார் கடையில் கேட்டுப் பாருங்கள். ஆம் என்று அலுமாரியில் இருந்து எடுத்துக் காட்டினால்தான் ஆம், கொழும்பில் இருந்து எடுத்துத் தரலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். இங்கோ (Ingco), டோட்டல் (Total) போன்ற மலிவுப் பிராண்டுகளை ஊரில் பலர் வாங்குவதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை, பற்றரி பக்கத்திலேயே தொங்குகிறது. வேலைக்குப் புதியவர் அதில் தொடங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். 88 வோல்ட்டைவிட எவ்வளவோ மேல்.

பற்றரி எப்படியும் இரண்டு வேண்டும், ஒன்று ஓட ஒன்று சார்ஜில். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டின காலத்தில் இரண்டு பற்றரிக்காரர்தான் வேலையை முடித்தார்கள். இப்போது அந்த நிலை இல்லை என்றாலும், 2025 பெப்ரவரியில் பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்ததாகச் சொல்லி முழு நாடும் இருண்டதே, மறக்கவில்லைதானே.

பழைய பற்றரிக்குச் செல் மாற்றித் தருவேன் என்கிறவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள், எந்தச் செல் போடுகிறீர்கள் என்று. பழைய லப்டொப்பில் கழற்றினதைப் போட்டால் வோல்ட் சரியாகக் காட்டும், ஆனால் அந்தச் செல் ஐந்தாறு அம்பியர் கொடுக்கப் பிறந்தது, டிரில் இறுகும்போது இருபது முப்பது அம்பியர் இழுக்கும். சூடாகி ஒரு மாதத்தில் போய்விடும், போகிற வழியில் எரியவும் கூடும். டூல்ஸுக்கான செல்தான் போட வேண்டும், ஐந்தும் ஒரே வகையாக, நிக்கல் பட்டியை ஸ்பொட் வெல்ட் செய்து. செல்லின் மேலேயே ஈயம் பற்றவைக்கிறவரைக் கண்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

இனிக் கனடா மாமா. அவர் கொண்டுவருவது நல்ல யோசனைதான், ஆனால் சார்ஜரில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. அங்கத்தைய சார்ஜரை ஒரு அடாப்டர் பிளக் போட்டு இங்கே குத்தினால் டப் என்று ஒரு சத்தம், பிறகு ஒரு மணம், அவ்வளவுதான். என் மேசைக்கு வருகிற செத்த சார்ஜரில் பாதி இப்படித்தான், மற்றப் பாதியில் கொஞ்சம் ஜப்பான் பழைய சாமானோடு வந்தவை, அங்கே 100 வோல்ட். டிரில்லுக்கும் பற்றரிக்கும் இது பிரச்சினை இல்லை, சார்ஜருக்கு மட்டும்தான். மாமா உடம்பையும் பற்றரியையும் கொண்டுவரட்டும், சார்ஜரை இங்கே வாங்குங்கள், அல்லது கட்டாரிலோ துபாயிலோ இருந்து வருகிற யாரிடமாவது சொல்லுங்கள், அங்கே நம்முடைய வோல்ட், நம்முடைய மூன்று சதுர முள் பிளக். அதாவது இங்கே சார்ஜர் கிடைக்கிற பிராண்டைத்தான் மாமாவிடம் கேட்க வேண்டும், அவருக்கு அங்கே கழிவு விலையில் கிடைக்கிறதை அல்ல.

விமானத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டிரில் கைப்பையில் போகாது, பெரிய பெட்டியில் போட வேண்டும். தனிப் பற்றரி அதற்கு நேர்மாறு, பெரிய பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான், முனைகளில் டேப் ஒட்டி. 100 வாட்-மணி வரை தனியாக அனுமதி கேட்கத் தேவையில்லை, அதற்கு மேலே 160 வரை விமானக் கம்பனியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும், அதுவும் இரண்டுதான். முன்னே போட்ட கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள், 18 வோல்ட் 5 அம்பியர்-மணி 90, பிரச்சினை இல்லை. 6 என்றால் 108, அனுமதி கேட்க வேண்டும். ஆகவே மாமாவிடம் 5 ஐயே சொல்லுங்கள். இப்போதே அவரிடம் ஏதாவது சார்ஜர் இருந்தால், அதன் அடியில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்புட் என்ற வரியில் 100-240 என்று இருந்தால் அதையும் பெட்டியில் போடட்டும். 120 மட்டும் இருந்தால் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வரட்டும்.